ஒன்றேகால் அடியில் ஈரம்

எங்கள் வீட்டுக்கு வடக்கே இருக்கிற பதினைந்து சென்ட் இடத்துக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலைதான். மழைக்காலத்தில் ஊர் திரும்பும் ரிக் வண்டி அங்கே நிற்கும். போர் போடுகிற வண்டிக்கு எங்கள் பக்கத்தில் ரிக் என்றுதான் பெயர். என் வீட்டுக்காரரும் அவருடைய கூட்டாளியும் சேர்ந்து வைத்திருந்த வண்டி அது. தீபாவளி முடிந்ததும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று கிளம்பிவிடும். அங்கே மழை பிடிக்கிற ஆனி மாதத்தில் திரும்பி வந்து, எங்கள் இடத்தில் எண்ணெய் ஒழுக நிற்கும். வண்டியோடு இவரும் வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். எனக்கு வருஷத்தில் நாலு மாசம் புருஷன், எட்டு மாசம் போன்.

அந்தப் போனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் கூப்பிடுவார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்கிற பேச்செல்லாம் அவர் வாயில் வராது. "எழுநூறு அடி. ஈரம் இல்ல" என்பார். இல்லையென்றால், "நானூத்தம்பதுல ஈரம் பட்டிருச்சு" என்பார். துளை போடும்போது கல்மாவு காய்ந்த புழுதியாக மேலே பறந்து வரும். அது எந்த அடியில் ஈரமாக வர ஆரம்பிக்கிறதோ அங்கே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். ஈரம் பட்ட நாளில் அவர் இரண்டு வாய் அதிகம் சாப்பிடுவார், படாத நாளில் படுத்தால் தூங்க மாட்டார். இதெல்லாம் நானாகத் தெரிந்துகொண்டது. மகள் பிறந்திருக்கிறாள் என்று சொன்ன அன்றும், "சரி. இங்க அறுநூறு ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அன்றைக்கு அவர் கம்ப்ரஸருக்குப் பின்னால் போய் நின்று அழுததைக் கூட்டாளி சொல்லித்தான் ஐந்து வருஷம் கழித்து எனக்குத் தெரிந்தது.

போன ஆனியில் வந்தபோது அவருக்கு வலது காது முழுக்கப் போயிருந்தது. இடது காதில் பாதி மிச்சம். சேலத்தில் டாக்டர் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வருஷம் அந்தக் கம்ப்ரஸர் சத்தத்தில் நின்றால் மிச்சமும் போய்விடும், அப்புறம் எந்த மிஷினும் உதவாது என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதியே காட்டினார். இவர் அதைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "தீபாவளிக்கு இன்னும் நாலு மாசம் கெடக்குது, பாத்துக்கலாம்" என்றார்.

இருபத்திரண்டு வருஷம் போனில் பேசியாயிற்று. இனி வீட்டில் உட்கார்ந்து பேசலாம் என்று நான் நினைத்திருக்கும்போது காது போய்விட்டால் யாரோடு பேசுவது. ஆனால் போகாதீங்க என்று சொல்லி நிறுத்தக்கூடிய ஆளில்லை அவர். வேலை இல்லாமல் இருக்கவைக்கவும் முடியாது. வந்த பத்தாம் நாளே வீட்டில் இருந்த எல்லாக் குழாய்களையும் கழற்றி மாட்டிவிட்டார். அதுவரை ஒழுகாமல் இருந்த குழாய்கள் அவை.

தோட்டம் என்பது மகளின் யோசனை. கோயமுத்தூரில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமை சனிக்கிழமை வந்துவிடுவாள். அந்த வருஷம் கூட்டாளி வண்டியை ரிப்பேருக்காகப் பட்டறையில் விட்டுவிட்டதால் இடம் காலியாகக் கிடந்தது. பெர்மாகல்ச்சர் என்று ஒரு சொல்லோடு வந்தாள்.

"ஒரு தடவ நல்லா அமைச்சுட்டா அப்பறம் தோட்டமே தன்னப் பாத்துக்குமுங்கம்மா. நம்ம மண்ணுல தானா வர்ற செடி, திங்கற செடி, ரெண்டையும் கலந்து வெக்கறது. குப்பை வெளிய போகக் கூடாது, தண்ணி வெளிய போகக் கூடாது."

"புருஷன் வெளிய போகக் கூடாதுன்னு அதுல எதாச்சும் சொல்லியிருக்காங்களா சாமி" என்று கேட்டேன்.

சிரித்தாள். ஆனால் புரிந்துகொண்டாள். அன்று சாயங்காலமே அப்பாவிடம் போய், எனக்கு ஒரு தோட்டம் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டாள். மகள் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. கேட்ட நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் போனதுதான் அவர் குறை.

அந்த மண்ணைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இருபது டன் வண்டி நின்று நின்று தார் ரோடு மாதிரி இறுகிக் கிடந்தது. கடப்பாரை போட்டால் டங்கென்று கைக்கே திரும்பி வந்தது. மேலே கறுப்பாக ஆயில். இவர் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டே இடம் முழுக்க நடந்தார். நட்டு, போல்ட்டு, கம்பித்துண்டு, துளைக்கிற முனையிலிருந்து உதிர்ந்த குண்டுமணிகள் என்று இரண்டு பக்கெட் சேர்ந்தது. ஆயில் ஊறிய மேல்மண்ணை வழித்துத் தனியே ஒரு மூலையில் குவித்தார். பிறகு என்னிடம் வந்து, "எத்தன அடிக்கு எடுக்கோணும்" என்று கேட்டார்.

"எடுக்கவே வேண்டாமுங்க. மண்ணத் திருப்பக் கூடாதாம். தண்ணி விட்டு ஊறவெச்சு, கீறிவிட்டு வெதச்சாப் போதுமாம்."

அவருக்கு அது பிடிக்கவே இல்லை. போர் வேலையில் மண்ணுக்கு மரியாதை கிடையாது. பாறை தட்டுகிற வரைக்கும் கேசிங் பைப்பை இறக்கி மண்ணை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, அதற்குக் கீழேதான் இவர்களுக்கு வேலையே ஆரம்பம். எண்ணூறு அடியில் என்ன கல் இருக்கிறது என்று தூளைக் கிள்ளிப் பார்த்துச் சொல்லிவிடுவார். மேலே ஓரடியில் என்ன இருக்கிறது என்று அவர் குனிந்து பார்த்ததே இல்லை.

ஆடி பிறந்து முதல் மழை விழுந்ததும் விதைத்தோம். கொள்ளு, தட்டப்பயிறு, கம்பு, எள்ளு, சணப்பை, ஆமணக்கு எல்லாம் கலந்து மகள் வீசினாள். விதைகளை நாமகிரிப்பேட்டைப் பக்கம் விவசாயம் பார்க்கிற அவளுடைய சிநேகிதி வீட்டில் வாங்கி வந்திருந்தாள். வேலி ஓரமாகக் கிளுவைக் குச்சிகளை வெட்டி வரிசையாக ஊன்றினோம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் கிளுவைதான் வேலி, காய்ந்த குச்சியாக ஊன்றினாலும் துளிர்த்துவிடும். இவர் அன்று காலையில் ஆரம்பித்து இருட்டுவதற்குள் மொத்தக் குச்சியையும் ஊன்றி முடித்தார். ஆரம்பித்த வேலையை அன்றைக்கே முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்ப் பழகியவர். மறுநாள் காலையில் எழுந்து போய் வேலி துளிர்த்துவிட்டதா என்று பார்த்தார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பார்த்தார்.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருக்கிறது. ஐந்தாவது நாள் முளைத்து வந்த தட்டப்பயிறு அங்கங்கே வாடிக் கிடந்தது. எலியா, புழுவா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். காலையில் காப்பியோடு போய் நின்றால், இவர் ஒரு நாற்றைப் பிடுங்கி, கையில் வைத்து ஸ்டீல் டேப்பால் அளந்துகொண்டிருக்கிறார்.

"என்ன பண்றீங்க?"

"எவ்வளவு எறங்கியிருக்குதுன்னு பாக்கோணுமில்ல" என்றார். காது போனதிலிருந்து அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. தெருவுக்கே கேட்டது. "ஒன்ற இஞ்சு."

பிடுங்கினால் செத்துப்போகுமே என்றேன். திரும்ப நட்டுவைத்துவிட்டேனே என்றார். தினமும் நாலைந்து நாற்றை இப்படி அளந்து நட்டிருக்கிறார். டேப்பை வாங்கி அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்தேன். இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் பிடுங்குவதை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாகச் செடி ஓரத்தில் விரலை விட்டுப் பார்ப்பார். எனக்கு அதைப் பார்த்தால் கோபம் வராது. ஏன் என்று தெரியாமலே நின்று பார்ப்பேன்.

ஆவணியில் அந்த இடம் இடுப்பளவு பச்சையாக நின்றது. சணப்பை மஞ்சள் பூப் பூக்கத் தொடங்கியதும் எல்லாவற்றையும் வெட்டி அதே இடத்தில் மூடாக்காகப் பரப்பினோம். அதற்கடியில் மண்ணை அழுத்தினால் விரல் கொஞ்சம் இறங்கியது. நாங்கள் விதைக்காத கீரைகள் தானாக வர ஆரம்பித்தன. சுக்குட்டிக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, வேலியில் முடக்கத்தான். எனக்குச் சந்தைக்குப் போகிற வேலை பாதி குறைந்தது. முருங்கைக் கொம்பு, கறிவேப்பிலை, கொய்யா, அவரைக்கு ஒரு பந்தல் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஈசானிய மூலை கொஞ்சம் தாழ்வான இடம். அங்கே மகள் ஒரு வட்டமான பள்ளம் எடுக்கச் சொன்னாள். கூரைத் தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் அதில் வந்து சேர வேண்டும், சுற்றிலும் வாழை வைக்க வேண்டும். அதுதான் தோட்டத்துக்கே வயிறு என்பாள். அவளே கையால் சேறு பூசி, அமாவாசைக்கு ஊருக்கு வந்தபோது ஐந்து வாழைக்கன்று நட்டாள்.

புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் முழங்கால் ஆழம் தண்ணீர் நின்றது. எனக்குச் சந்தோஷம். இவருக்கு மூன்று நாள் நிம்மதி இல்லை. ரிக் நிற்கிற இடத்தில் தண்ணீர் கட்டினால் ஜாக்கி இறங்கி வண்டி சாய்ந்துவிடும், ஆளைக் கொன்றுவிடும். அந்தப் பயம் அவர் உடம்பிலேயே ஊறியிருந்தது. இங்கே வண்டியே இல்லையே என்று நான் சொல்லச் சொல்ல, "மண்ணு எளகுது புள்ள, ஊட்டுச் சொவுரு போயிரும்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தால் தோட்டத்தில் பள்ளத்தைக் காணோம். பக்கத்துக் கடலைக்காட்டில் யாரோ போர் போட்டிருக்கிறார்கள். அங்கே குவிந்திருந்த சாம்பல் நிறக் கல்மாவை ஒரு டிப்பர் நிறைய வாங்கிவந்து, பள்ளத்தை நிரப்பி, மிச்சத்தைப் பாத்திகளுக்கு நடுவே நடைபாதை முழுக்கப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திம்சுக்கட்டை போட்டு அடித்துச் சமப்படுத்தியிருந்தார். மேடு பள்ளம் இல்லாமல் கல்யாண மண்டபத்துத் தரை மாதிரி இருந்தது. நடுவில் நின்றுகொண்டு, "புள்ள நாளைக்கு வர்றா. கால்ல சேறு படாம நடக்கலாம் பாரு" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கல்மாவு நனைந்து காய்ந்தால் சிமெண்ட் போல இறுகிவிடும். அது அவருக்கு நன்றாகத் தெரியும், அதற்காகத்தான் போட்டதே. வாழைக்கன்றுகள் ஐந்தும் அதற்கடியில். அவரைக்கொடியின் தூர் அதற்கடியில்.

மகள் வந்து பார்த்தாள். அவளுக்கு என் வாய். வாசலில் பையை இறக்கக்கூட இல்லை.

"எதையும் மூடி அடிச்சுக் கெட்டிப் பண்ணத்தான் உங்களுக்குத் தெரியும். இங்க இருந்து என்ன பண்ணப் போறீங்க? ரிக்குக்கே போயிருங்கப்பா."

அவர் காது கேட்காதவர் என்பதால் நாங்கள் எப்போதும் முகத்துக்கு நேரே நின்று உரக்கப் பேசுவோம். அவளும் அப்படித்தான் சொன்னாள். ஒரு சொல்கூடத் தவறாமல் அவருக்குக் கேட்டிருக்கும். சரி கண்ணு என்றார். அன்று மத்தியானம் இடது காதில் போனை அழுத்திக்கொண்டு கூட்டாளியைக் கூப்பிட்டு, தீபாவளிக்கு அடுத்த திங்கட்கிழமை வண்டியோடு வருவதாகச் சொன்னார்.

மகள் இரண்டு நாள் அழுதாள். மன்னிச்சிருங்கப்பா என்று போனில் எழுதி அனுப்பினாள், அவர் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். அவள் மேல் அவருக்குக் கோபம் துளியும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபத்தில் கிளம்புகிறவரைத் திருப்பிவிடலாம். இவர், தான் இங்கே எதற்கும் ஆகாதவர் என்று நம்பிக்கொண்டு கிளம்பினார். நான் டாக்டர் எழுதிய தாளை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அதன்மேல் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. "போறதுக்கு முன்னால பழையபடி பண்ணிக் குடுத்தர்றேன்" என்றார். தினமும் வெயில் ஏறும்வரை, பிறகு சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்வரை உடைத்தார். பெயர்ந்த பாளங்களைச் சட்டியில் அள்ளிக்கொண்டுபோய் வாசலில் கொட்டினார். ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றேன், கேட்காதது போல இருந்தார். அவர் நிஜமாகவே கேட்காதபோது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது வேறு முகம். முதலில் நடைபாதை. அப்புறம் அவரைப் பந்தல். கடைசியாகப் பள்ளத்துக்கு வந்தார்.

பள்ளத்தில் கனம் அதிகம். மேலே ஓரடி உடைத்ததும் கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கையால் தோண்ட ஆரம்பித்தார். தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்த தலையோடு அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மகள் பலகாரத் தட்டோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் ஒரு முறுக்கை எடுத்து அவர் வாயில் வைத்தாள், அவர் கை முழுக்க மண். அதைச் சமையலறை ஜன்னலில் பார்த்துவிட்டு நான் அடுப்பை அணைக்க மறந்து நின்றேன், எண்ணெய் புகைந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி வந்தது. புதுப் பெயிண்ட், மாலை, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். பின்னால் கம்ப்ரஸர் லாரி. ரோட்டில் நிறுத்தி ஹாரன் அடித்தார்கள். இவர் பெட்டி நடையில் தயாராக இருந்தது. இவர் தோட்டத்தில், பள்ளத்துக்குள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். ஹாரன் அவருக்குக் கேட்கவில்லை.

நான் நடையில் நின்றேன். இரண்டாவது தடவை அடித்தார்கள். சும்மா நின்றால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கூட்டாளியிடம் போய், அவருக்கு உடம்பு சரியில்லை, நீங்கள் போங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் வண்டி போய்விடும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பொய் சொல்ல எனக்கு உரிமை இல்லையா. ஆனால் காது கேட்காத மனுஷனை ஏமாற்றி வீட்டில் வைத்துக்கொண்டு, மறுநாள் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன். போய் அவர் தோளைத் தொட்டேன்.

"வண்டி வந்திருச்சுங்க."

திரும்பினார். அவருக்குப் பக்கத்தில் ஒரு வாழைக்கன்று. புதைந்துபோனதில் ஒன்று. இறுகிய கல்மாவில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்து, நேராக வர முடியாமல் சாய்ந்து, வெளுத்த குருத்து ஒன்றை வெளியே நீட்டியிருந்தது. அதன் ஓரமாக அவர் ஒரு கை அகலத்துக்குக் குழி எடுத்து, உள்ளே ஸ்டீல் டேப்பை நிறுத்தியிருந்தார். கன்றைப் பிடுங்கவில்லை. குழியின் அடிமண்ணைக் கிள்ளி எடுத்து, கல்மாவைக் கிள்ளிப் பார்ப்பது போலவே இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, என் உள்ளங்கையில் வைத்தார். கறுப்பாக, குளிர்ந்து இருந்தது.

"ஒன்னேகால் அடி" என்றார். "ஈரம் பட்டிருச்சு."

ரோட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. கூட்டாளி வண்டியிலிருந்து இறங்கி வேலி ஓரம் வந்து நின்றார். இவர் எழுந்து, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, பந்தலில் ஒரு மடி அவரைக்காய் பறித்துக்கொண்டுபோய் அவரிடம் கொடுத்தார். கூட்டாளி என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை, இவர் பள்ளத்தைக் கைகாட்டினார். கூட்டாளி இவர் தோளைத் தட்டிவிட்டு, அவரைக்காயைத் துண்டில் முடிந்துகொண்டு ஏறிவிட்டார். எலுமிச்சம்பழம் நசுங்கி வண்டி கிளம்பியது.

நான் பெட்டியை உள்ளே எடுத்துக்கொண்டுபோய் லுங்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினேன். அடுக்கும்போது அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும். சாயங்காலம் மகள் கோயமுத்தூரிலிருந்து கூப்பிட்டாள். அப்பா போய்விட்டாரா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, என்னம்மா பண்ணறீங்க என்று மட்டும் கேட்டாள்.

"ஒன்னேகால் அடியில ஈரம் சாமி" என்றேன். "அப்பா உள்ள கை கழுவிட்டு இருக்கறாங்க. பேசறயா?"